பாக்கெட்ல கத்தி, அடுப்புல பிரிஸ்கெட்

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்கிற வசதிக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கோம்.

இன்னைக்கு எபிசோடு முழுக்கக் கத்தியைப் பத்தி. பிளேடு போட மாட்டேன்னு உத்தரவாதம் கொடுக்க முடியாது, முயற்சி பண்றேன்.

"அவன் பாக்கெட்ல கத்தி வச்சிருக்கான்." இந்த ஒரு வரியைக் கேட்டதும் உங்க மனசுல என்ன ஓடுது? பெரும்பாலும் ஏதோ ஒரு கேங்ஸ்டர் படத்தோட இன்டர்வெல் சீன். இதே வரியை அமெரிக்காவுல டெக்சஸ், டென்னசி பக்கம் சொன்னா, பல பேருக்குத் தாத்தா ஞாபகம் வரும். ஆப்பிள் சீவிக் கொடுத்த தாத்தா, தூண்டில் நூலை வெட்டின தாத்தா.

ஆனா நம்ம மொழியிலயும் இதுக்கு ஒரு சாதுவான வார்த்தை இருக்கு: பேனாக்கத்தி. இறகை மையில தொட்டு எழுதின காலத்துல, முனை மழுங்கினா சீவிக்கிறதுக்கு ஒரு சின்ன மடக்குக் கத்தி வச்சிருந்தாங்க. இங்கிலீஷ் பேரை அப்படியே தமிழாக்கிட்டோம். பேனா மாறிடுச்சு, பேர் மட்டும் நின்னுடுச்சு. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, அந்தக் கத்தி என்ன வேலைக்குன்னு அதோட பேர்லயே இருக்கு.

இன்னைக்கு நான் பேசப் போறது அமெரிக்காவுல வீட்டுக்குப் பின்னாடி அடுப்பு வச்சு, விறகுப் புகையில கறி சமைக்கிற கூட்டத்தைப் பத்தி. அவங்கள்ல நிறைய பேர் மடக்குக் கத்தியைச் சேர்க்கிறாங்க, தினமும் பாக்கெட்ல வச்சுக்கிறாங்க. எந்தக் கத்தி வாங்கணும், எவ்வளவு பெருசு, என்ன ஸ்டீல், எங்க கொண்டு போகலாம்னு அவங்களுக்குள்ள முடியாத சண்டை ஓடும். அத்தனை சண்டைக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்னு நான் நினைக்கிறேன். "எந்த வேலைக்கு?" இதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்கோங்க.

காத்திருக்கிறவங்க கூட்டம்

டெக்சஸ் ஸ்டைல் பிரிஸ்கெட்னா மாட்டோட நெஞ்சுப் பகுதிக் கறி. முழுத்துண்டு அஞ்சாறு கிலோ வரும். உப்பு, மிளகு, அவ்வளவுதான் மசாலா. ஓக் மர விறகுப் புகையில, 110லிருந்து 130 டிகிரி செல்சியஸ் சூட்டுல, சாதாரணமா 12 மணி நேரத்துக்கு மேல வேகும்.

நடுவுல ஒரு வேடிக்கை நடக்கும். கறிக்குள்ள சூடு 65, 70 டிகிரிக்கு வந்ததும் ஏறுறது அப்படியே நின்னுடும். சில நேரம் மணிக்கணக்கா நிக்கும். காரணம் வியர்வைதான். கறியோட மேல்பரப்புல இருக்கிற ஈரம் ஆவியாகி, உள்ள வர்ற சூட்டை எல்லாம் எடுத்துட்டுப் போயிடும். நம்ம மண்பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்கிற அதே லாஜிக். பொறுமை இல்லாதவங்க கறியை எடுத்து ஒரு தடிமனான பழுப்புக் காகிதத்துல சுத்தி மறுபடி அடுப்புல வைப்பாங்க. ஈரம் வெளிய போக வழி குறைஞ்சதும் சூடு திரும்ப ஏற ஆரம்பிக்கும்.

கத்தியைப் பத்திப் பேச வந்துட்டு ஏன் கறியைப் பத்திப் பேசறேன்? ஏன்னா இந்தச் சமையல்ல பாதிக்கு மேல காத்திருக்கிறதுதான். ராத்திரி தீ மூட்டினா மறுநாள் மதியம்தான் சாப்பாடு. அந்த நேரத்துல சின்னச் சின்ன வேலை வந்துட்டே இருக்கும். கரி மூட்டையோட வாயில இருக்கிற தையலை அறுக்கணும். தீ பத்த வைக்க விறகுல சிராய் சீவணும். காகிதத்தை அளவா வெட்டணும். கட்டுற நூலை நறுக்கணும். சாசேஜ் வெந்துடுச்சான்னு ஓரத்துல ஒரு துண்டு அறுத்து வாயில போட்டுப் பார்க்கணும். இதுக்கெல்லாம் ஒவ்வொரு தடவையும் உள்ள போய்ப் பெரிய கத்தியைத் தேட முடியாது. கை தானா பாக்கெட்டுக்குப் போகும்.

வேலை இல்லாத நேரத்துல? நாலு பேர் அடுப்பைச் சுத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் கேட்பார், "இன்னைக்கு பாக்கெட்ல என்ன இருக்கு?" சாவி, பர்ஸ், சின்ன டார்ச், கத்தி எல்லாம் மேஜைக்கு வரும். இதை அவங்க "எவ்ரிடே கேரி"ன்னு சொல்றாங்க, சுருக்கமா ஈ.டி.சி. கைமாத்திக் கைமாத்திப் பார்ப்பாங்க. திறந்து மூடுற சத்தத்தைக் கேட்பாங்க. சேகரிப்பு ஆசை ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்துறது அந்த மேஜையிலதான்.

கத்தியிலயே ஒரு டேட்டாபேஸ்

சேர்க்கிறவங்கள்ல ரெண்டு கட்சி இருக்கு.

முதல் கட்சி பழசு. எலும்புக் கைப்பிடி, பித்தளை உள்தகடு, நகத்தால இழுத்துத் திறக்கிற பிளேடு. பூட்டு எல்லாம் கிடையாது. முதுகுல இருக்கிற ஸ்பிரிங் அழுத்தத்துலதான் பிளேடு திறந்து நிக்கும். இதுல பெரிய பேர் கேஸ், 1889ல தொடங்கின கம்பெனி, பென்சில்வேனியாவுல பிராட்ஃபோர்டுங்கிற ஊர்ல இருக்கு.

கேஸ் கத்தியில என்னை இழுத்தது அதோட நம்பர் முறை. உதாரணத்துக்கு 6254. முதல் எண் 6னா கைப்பிடி, கோடு செதுக்கின எலும்பு. அடுத்த 2னா ரெண்டு பிளேடு. கடைசி 54, அந்த டிசைனோட எண். அது டிராப்பர்ங்கிற மாடல், ஒரு காலத்துல பொறி வச்சு விலங்கு பிடிச்சவங்களுக்காக வந்தது. 6318னா அதே எலும்புக் கைப்பிடி, மூணு பிளேடு, ஸ்டாக்மேன்ங்கிற மாடல். அது மாடு மேய்க்கிறவங்க கத்தி. நாலே எண்ணுல மொத்த விவரமும் இருக்கு. இவ்வளவு சுத்தமான ஸ்கீமாவை நான் பார்த்த பல புராஜெக்ட்ல பார்த்ததில்லை.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. 1970ல பிளேடோட அடிப்பகுதி முத்திரைக்குக் கீழ பத்துப் புள்ளி போட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளியைக் குறைச்சாங்க. 1979ல வந்த கத்தியில ஒரே ஒரு புள்ளிதான். 1980ல திரும்பப் பத்துல இருந்து. லென்ஸ் வச்சுப் புள்ளியை எண்ணினா அது எந்த வருஷத்துக் கத்தின்னு சொல்லிடலாம். இவங்க பழைய சந்தையில முட்டி போட்டு உட்கார்ந்து புள்ளி எண்ணுறதுல ஆச்சரியமே இல்லை. நமக்கு கமிட் ஹிஸ்டரி எப்படியோ அவங்களுக்கு இது அப்படி.

ரெண்டாவது கட்சி புதுசு. ஒரு கையால திறக்கிறது, பூட்டு இருக்கிறது, பாக்கெட் ஓரத்துல மாட்டுற கிளிப் இருக்கிறது. பிளேடுல வட்ட ஓட்டை போட்டு, கட்டை விரலாலயே திறக்கிற மாதிரியும், பாக்கெட்ல மாட்ட கிளிப்போடயும் ஸ்பைடர்கோ 1981ல ஒரு கத்தி கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் மொத்தச் சந்தையும் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. இன்னைக்கு இதுல நூத்துக்கணக்கான டாலர் விலைக்குக் கத்தி இருக்கு. டைட்டானியம் கைப்பிடி, செராமிக் பேரிங், விரல் பட்டா போதும், சர்ருன்னு திறக்கும்.

இந்தக் கட்சியில பேச்சு முழுக்க ஸ்டீலைப் பத்தித்தான் இருக்கும்.

ஸ்டீலும் கேப் தியரமும்

பேக்எண்ட்ல வேலை பார்க்கிறவங்களுக்குக் கேப் தியரம் தெரியும். டேட்டாபேஸ் பல கம்ப்யூட்டர்ல பரவியிருக்கும்போது எல்லா நல்ல குணமும் ஒண்ணா கிடைக்காது, எதையாவது விட்டுக் கொடுக்கணும். கத்தி ஸ்டீல் கிட்டத்தட்ட அதே கதை. கூர் நீடிச்சு நிக்கணும், உடையாம சிப் ஆகாம இருக்கணும், துருப்பிடிக்கக் கூடாது. ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணு குறையும்.

கூர் நிக்கணும்னா ஸ்டீலுக்குள்ள கார்பைடுன்னு சொல்ற கடினமான துகள் நிறைய வேணும். ஆனா அந்தத் துகள் பெருசா, அதிகமா இருந்தா விளிம்பு சீக்கிரம் உதிரும். துருப்பிடிக்காம இருக்க குரோமியம் வேணும். ஆனா குரோமியத்துல ஒரு பங்கு போய்ப் பெரிய கார்பைடா மாறிடும். 2021ல மேக்னாகட்னு ஒரு ஸ்டீல் வந்துச்சு. லாரின் தாமஸ்ங்கிற உலோகவியல் ஆராய்ச்சியாளர் வடிவமைச்சது. குரோமிய கார்பைடே உருவாகாத மாதிரி கலவையைச் சரி பண்ணி, குரோமியம் முழுக்கத் துரு தடுக்கிற வேலையை மட்டும் பார்க்கிற மாதிரி செஞ்சார். நிஜமாவே அழகான பொறியியல். கத்தி உலகம் கொண்டாடுனதுல நியாயம் இருக்கு.

ஆனா இப்ப நம்ம கேள்வியைக் கேட்போம். எந்த வேலைக்கு?

வேலை விஷயமா கொஞ்ச நாள் நான் ஆஸ்டின்ல இருந்தப்போ, எங்க டீம்ல ஒரு சீனியர் வீட்டுல பிரிஸ்கெட் போட்டாங்க. அங்க கறியோட வெள்ளை பிரெட், ஊறுகாய் போட்ட வெள்ளரி, பச்சை வெங்காயம் வைக்கிறது வழக்கம். ஒருத்தர் புதுசா வாங்கின விலை உயர்ந்த மடக்குக் கத்தியை எடுத்து வெங்காயத்துல வச்சு அழுத்தினார். பாதி வரைக்கும் போச்சு, அப்புறம் "டக்"குன்னு வெங்காயம் ரெண்டா தெறிச்சு ஒரு பாதி புல்லுல விழுந்துச்சு. அதை நறுக்கினதுன்னு சொல்ல முடியாது, பிளந்ததுன்னுதான் சொல்லணும். பக்கத்துல இருந்த வயசானவர் ஒண்ணும் பேசாம அவரோட மரப்பிடிக் கத்தியை நீட்டினார். தோசை சுடுற கடையில வெங்காயம் நறுக்குற மாதிரி மெல்லிசா விழுந்துச்சு. விலையில பத்துல ஒரு பங்குகூட இருக்காது.

காரணம் ஸ்டீல் கிடையாது, தடிமன். கனமான வேலைக்குன்னு விக்கிற பல மடக்குக் கத்தியில பிளேடோட முதுகு மூணு, நாலு மில்லிமீட்டர் இருக்கும். பிளேடு உள்ள இறங்க இறங்க அந்தத் தடிமனுக்கு இடம் வேணும். கறி மாதிரி மெத்துன்னு இருக்கிறது ஒதுங்கிக் கொடுக்கும். வெங்காயம், கேரட், ஆப்பிள் ஒதுங்காது, பிளந்துடும். கோடாரி விறகைப் பிளக்கிறது இதே தத்துவத்துலதான். ஸ்பெக் ஷீட்ல ஸ்டீல் பேர் கொட்டை எழுத்துல இருக்கும். விளிம்புக்குப் பின்னாடி பிளேடு எவ்வளவு மெல்லிசுங்கிறது பெரும்பாலும் இருக்கவே இருக்காது. பெஞ்ச்மார்க் பார்த்து லேப்டாப் வாங்கிட்டு, அதுல வேர்டு மட்டும் திறக்கிற மாதிரி.

சவாய் மலையில இருந்து வந்த கத்தி

அந்த மரப்பிடிக் கத்தி ஒப்பினெல். பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சவாய்னு ஒரு பகுதி. அங்க கருவி செய்ற குடும்பத்துல பிறந்த ஜோசப் ஒப்பினெல் 1890ல இந்தக் கத்தியைச் செய்ய ஆரம்பிச்சார். 1897ல ஒண்ணுலருந்து பன்னிரண்டு வரைக்கும் நம்பர் போட்ட அளவுகள் வந்துச்சு. இன்னைக்கு அதிகமா பாக்கெட்ல இருக்கிறது நம்பர் 8, பிளேடு 8.5 சென்டிமீட்டர்.

வடிவமைப்பைப் பாருங்க. ஒரு மரப்பிடி, பெரும்பாலும் பீச் மரம். ஒரு பிளேடு, ரெண்டு மில்லிமீட்டரைவிட மெல்லிசு. ஒரு ஆணி, ஒரு உலோக வளையம். 1955ல மார்செல் ஒப்பினெல் இன்னொரு வளையத்தைச் சேர்த்தார். அதைத் திருப்பினா பிளேடு பூட்டிக்கும், விரல் மேல மடங்காது. மொத்தமே அஞ்சு பாகம்தான்.

குறையும் இருக்கு. மரம் ஈரத்தைக் குடிச்சா உப்பிடும், பிளேடு உள்ளயே மாட்டிக்கும். அதுக்குச் சவாய்க்காரங்க ஒரு வழி வச்சிருக்காங்க: கைப்பிடியோட அடிப்பகுதியை மேஜையில ஒரு தட்டு. பிளேடு முனை எட்டிப் பார்க்கும், பிடிச்சு இழுத்துக்கலாம். சாப்பாட்டு மேஜையில அந்த "டொக்" சத்தம் கேட்டா ஆள் அந்த ஊர்க்காரர்னு சொல்லிடலாமாம்.

இது விவசாயிங்க, மேய்ச்சல்காரங்க பாக்கெட்ல இருந்த கத்தி. ரொட்டி, சீஸ், சாசேஜ் அறுத்து மதியம் வயல்லயே சாப்பிட்ட கத்தி. வெளியில உட்கார்ந்து சாப்பிடுறதுக்குன்னே உருவானதால, சாப்பாட்டை நல்லா அறுக்குது.

சுவிஸ் கத்தியோட தொடக்கத்துலயும் சாப்பாடு இருக்கு. 1891ல கார்ல் எல்சனர் சுவிஸ் ராணுவத்துக்குக் கொடுத்த முதல் சிப்பாய்க் கத்தியில நாலு விஷயம்: பிளேடு, துளையூசி, டப்பா திறப்பான், ஸ்க்ரூ டிரைவர். ஸ்க்ரூ டிரைவர் துப்பாக்கியைப் பிரிக்க. டப்பா திறப்பான் சிப்பாய் சாப்பிட. நாலும் எதுக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் பதில் இருந்துச்சு.

டமாஸ்கஸ் மயக்கம்

சேகரிக்கிறவங்க மேஜைக்கு வர்ற இன்னொரு ஐட்டம் டமாஸ்கஸ். பிளேடு முழுக்கத் தண்ணி அலை மாதிரி கோலம். இன்னைக்குக் கிடைக்கிறதுல பெரும்பாலும் ரெண்டு வகை ஸ்டீலை அடுக்கடுக்கா வச்சு, சுட்டு அடிச்சு ஒட்டி, அமிலத்துல நனைச்சு கோலத்தை வெளியே கொண்டு வந்தது. அமெரிக்காவுல இந்த முறைக்கு மறுபடி மவுசு வந்தது 1973ல, பில் மோரான்ங்கிற கொல்லர் ஒரு கண்காட்சியில காட்டினதுக்கு அப்புறம்.

ஆனா பழைய காலத்துல டமாஸ்கஸ்னு புகழ் பெற்ற வாளோட கோலம் வேற. அது ஒட்டினது கிடையாது, ஸ்டீல் கட்டிக்குள்ளயே விளைஞ்சது. மண் மூசையில உருக்கி எடுத்த அந்த உருக்கு, தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் செஞ்சு மேற்கே போச்சு. கொங்கு நாட்டுக் கொடுமணல்ல நடந்த அகழாய்வுல மூசை உருக்குத் தடயம் கிடைச்சிருக்கு. அதனால யாராவது "ஒரிஜினல் டமாஸ்கஸ்"னு சொல்லி ஒரு கத்தியை நீட்டினா, கோலம் அழகா இருக்குன்னு தாராளமா வாங்குங்க. அலை அலையா இருக்கிறதால தக்காளி நல்லா அறுபடும்னு மட்டும் நினைக்காதீங்க.

கறிக்கும் பாக்கெட்டுக்கும் நடுவுல

இப்ப சீரியஸான பகுதி. பாக்கெட்ல இருக்கிற கத்தியால பச்சைக் கறியை வெட்டலாமா?

என் பதில், வேண்டாம். மடக்குக் கத்தியோட பிளேடு மடங்கி உட்காருற பள்ளம் இருக்கே, அதுதான் பிரச்சினை. பாக்கெட் பஞ்சு, தூசி, வியர்வை எல்லாம் அங்க சேரும். பச்சைக் கறியோட நீர் உள்ள போனா அதுவும் அங்க தங்கும். கோழின்னா சால்மொனெல்லா மாதிரி கிருமிக்கு வாய்ப்பு இருக்கு. அடுத்த நாள் அதே கத்தியில ஆப்பிள் சீவிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம். விஷயம் தெரிஞ்ச சமையல்காரங்க இதுல கறாரா இருக்காங்க. பச்சைக் கறிக்கு மடங்காத, கழுவ வசதியான தனிக் கத்தி. கறி வர்ற வேக்குவம் பாக்கெட்டைத் திறக்கவும் கத்தரிக்கோல். மடக்குக் கத்தி கயிறு, காகிதம், விறகு, வெந்த சாசேஜ், பழம், ரொட்டியோட நிறுத்திக்கும். கயிறு அறுத்த கையோட சாசேஜுக்குப் போகாதீங்க, நடுவுல கழுவுங்க.

கழுவுறது எப்படி? வெதுவெதுப்பான தண்ணி, பாத்திர சோப்பு, பழைய டூத் பிரஷ். பள்ளத்துக்குள்ள நல்லா தேய்ச்சு, முழுசா காய விட்டு, மூட்டுல உணவுக்கு ஏத்த மினரல் ஆயில் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் போட்டா நாளாக நாளாகப் பிசுபிசுன்னு ஒட்டும், சிக்கு வாடை வரும். சைக்கிளுக்குப் போடுற எண்ணெய் வாய்க்குள்ள போற பொருள்ல படவே கூடாது. மரப்பிடி கத்தியைத் தண்ணியில ஊற வைக்காதீங்க, டிஷ்வாஷர்ல போடாதீங்க.

துருப்பிடிக்காத ஸ்டீல் இல்லாம, சாதா கார்பன் ஸ்டீல் கத்தின்னா இன்னொண்ணு நடக்கும். எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் அறுத்ததும் பிளேடு சாம்பல் நிறமா, நீலமா மாறும். நம்ம வீட்டு இரும்பு அரிவாள்மணை வாழைக்காய், மாங்காய் அரிஞ்சு அரிஞ்சு கறுத்துப் போயிருக்குமே, அதேதான். அந்தக் கறுப்பு ஒரு மெல்லிய படலம், செந்துருவை ஓரளவு தடுக்கும். பாட்டிங்க அரிஞ்சு முடிச்ச உடனே துடைச்சுச் சாய்ச்சு வைக்கிறது சும்மா இல்லை.

இங்கதான் சேகரிப்பும் சமையலும் மோதுது. கேஸ் கத்தியில புள்ளி எண்ணுறவருக்கு இந்தக் கறை விலையைக் குறைக்கும். பெட்டியில இருந்து எடுக்காத, கூர் தீட்டாத கத்திக்குத்தான் சந்தையில மதிப்பு. சமைக்கிறவருக்கோ கறை இல்லாத கத்தி இன்னும் வேலைக்கு வராத கத்தி. ரெண்டு பேரும் ஒரே ஆளாவே இருக்கலாம். ஒரு டிராயர் முழுக்கத் தொடாத கத்தி, பாக்கெட்ல ஒண்ணே ஒண்ணு கறுத்துப் போனது. எனக்குப் பிடிச்ச சேகரிப்பாளர்கள் அந்த ரெண்டுக்கும் நடுவுல கோட்டைத் தெளிவா போட்டு வச்சிருக்கிறவங்கதான்.

யாரோட பாக்கெட்?

கடைசியா, கொண்டு போறது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமா கோடு போட்டிருக்கு.

பிரிட்டன்ல 1988 சட்டப்படி, மடக்குற, பூட்டு இல்லாத, கூர் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல போகாத கத்தியைக் காரணம் சொல்லாமலே வச்சுக்கலாம். பூட்டு இருந்தாலோ நீளம் தாண்டினாலோ "தகுந்த காரணம்" காட்டணும். விரலைக் காப்பாத்த 1955ல சேர்த்த அந்த வளையம், லண்டன் தெருவுல நம்பர் 8ஐச் சிக்கல்ல மாட்டி விடும். ஆனா வேலைக்குப் போற செஃப் பையில கத்தி இருந்தா அது தகுந்த காரணம். சட்டமே "எந்த வேலைக்கு?"ன்னுதான் கேட்குது. ஜெர்மனி 2008ல கொண்டு வந்த விதி, ஒரு கையால திறந்து பூட்டிக்கிற கத்தியைக் காரணம் இல்லாம வெளியில கொண்டு போறதைத் தடுத்துச்சு. டெக்சஸ்ல 2017லிருந்து, பிளேடு 5.5 அங்குலத்துக்கு மேல இருந்தா பள்ளி மாதிரி குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் தடை.

நியூயார்க் கதை வேற. அங்க "கிராவிட்டி நைஃப்" தடைன்னு 1950கள்ல வந்த ஒரு சட்டம். மணிக்கட்டை உதறினா பிளேடு திறந்துக்கிட்டா அது குற்றம். பிரச்சினை என்னன்னா, வன்பொருள் கடையில சாதாரணமா விக்கிற வேலைக் கத்திகள்ல பலதும் பலமா உதறினா திறக்கும். ஆயிரக்கணக்கானவங்க கைதானாங்க. பெரும்பாலும் கறுப்பினத்தவங்க, லத்தீன் இனத்தவங்க. கட்டட வேலை, கிடங்கு வேலை, மேடை அமைக்கிற வேலை செஞ்சவங்க பலர், வேலைக்கு வாங்கின கத்தியோட மாட்டினாங்க. 2019ல ஒரு ஃபெடரல் நீதிபதி இந்த உதறல் சோதனை தெளிவில்லாததுன்னு சொன்னார். அதே வருஷம் மே மாசம் அந்தத் தடையை நீக்கினாங்க.

இதை யோசிச்சுப் பாருங்க. அதே கத்தி, அதே கிளிப். புறநகர்ல பின்கட்டுல பிரிஸ்கெட் போடுறவர் பாக்கெட்ல இருந்தா பொழுதுபோக்கு. சப்வேல வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவர் பாக்கெட்ல இருந்தா வழக்கு. கேட்க வேண்டிய "எந்த வேலைக்கு?"ங்கிற கேள்வி, "யாரோட பாக்கெட்?"னு மாறிப் போச்சு. அடுப்பைச் சுத்தி உட்கார்ந்து கத்தி காட்டுறவங்க இதையும் சேர்த்துப் பேசினா நல்லதுன்னு எனக்குத் தோணுது. ஏன்னா, யாரும் கேள்வி கேட்காம ஒரு கத்தியைப் பாக்கெட்ல வச்சுக்க முடியறது எல்லாருக்கும் கிடைக்கிற வசதி இல்லை.

இந்தியாவுல என்னன்னு நீங்க கேட்பீங்க. ஆயுதச் சட்ட விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியல்ல வருது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும்னு செஞ்சதுக்கு விலக்கு இருக்கு. பாருங்க, மறுபடி அதே கேள்வி. அதுக்காக ஒப்பினெல்லை மாட்டிட்டு மெட்ரோவுக்குப் போனா சோதனையில நிறுத்துவாங்க. விமானத்துல கைப்பையில கூடாது, செக்-இன் பெட்டியில போடணும். உள்ளூர்ல தனி உத்தரவு ஏதாவது இருக்கலாம். கேம்பிங் போறப்ப சமையல் சாமானோட சேர்த்துப் பெட்டிக்குள்ள வைங்க. இடுப்புல மாட்டிக் காட்ட வேண்டிய அவசியம் ஒண்ணும் இல்லை.

முதல் கத்தி வாங்க நினைக்கிறவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். மெல்லிசு பிளேடு, எளிமையான மூட்டு, பிரிக்காமலே கழுவ முடியணும். ஸ்டீல் பேரைக் கடைசியா பாருங்க. ஒரு வருஷம் அதையே பயன்படுத்துங்க. ரெண்டாவது கத்தி வேணுமா வேண்டாமான்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும்.

அப்புறம் ஒண்ணு. அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுல பல இடத்துலயும் கத்தியைச் சும்மா பரிசா கொடுக்க மாட்டாங்க, நட்பை அறுத்துடும்னு ஒரு நம்பிக்கை. வாங்கிக்கிறவர் பதிலுக்கு ஒரு சின்ன நாணயம் கொடுக்கணும், அப்ப அது விலைக்கு வாங்கினதா ஆயிடும். யாராவது உங்களுக்குக் கத்தி கொடுத்தா ஒரு ரூபாய் தேடி எடுத்துக் கையில வைங்க.

உங்க வீட்டுல இருக்கிறதுலயே பழைய கத்தி எது, அது இப்ப என்ன வேலை செய்யுதுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அரிவாள்மணையும் கணக்குல சேர்த்தி. நல்லதா அஞ்சாறு வந்தா அடுத்த எபிசோடுல போடுறேன். அதுவரைக்கும் விரல் பத்திரம்.